ஒரு வருகைக்கு 13 பவுண்டு

1902 வாக்கில் லண்டனின் பெரிய வீடுகளுக்கு முன்னால் சிவப்புச் சாயம் அடித்த குதிரை வண்டி ஒன்று வந்து நிற்கும். வண்டிக்குள் பெட்ரோலில் ஓடும் எஞ்சின், அதோடு இணைத்த ஒரு பம்பு. சீருடை போட்ட ஆட்கள் இறங்கி, நீளமான குழாய்களை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் இழுத்துப் போவார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கினால் தெருவே அதிரும். தரைக் கம்பளம், திரைச்சீலை, மெத்தை வைத்த நாற்காலி என்று எல்லாவற்றிலும் படிந்த தூசியை உறிஞ்சி எடுத்துக்கொண்டு வண்டி கிளம்பும். இந்த ஒரு வருகைக்குக் கட்டணம் 13 பவுண்டு.

13 பவுண்டு என்றால் 260 ஷில்லிங். ஆண்டின் 52 வாரங்களால் வகுத்தால் வாரத்துக்குச் சரியாக 5 ஷில்லிங் வருகிறது. பிரிட்டிஷ் வீடுகளில் சமையற்காரிக்கும் மேல்வேலைக்காரிக்கும் நடுவே ஓடியாடி எடுபிடி வேலை பார்த்த சிறுமிக்குக் கிடைத்த ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய அவ்வளவுதான். சாப்பாடும் படுக்க ஓர் இடமும் தனி. கரி சுமப்பது, கணப்பிலிருந்து சாம்பல் அள்ளுவது, படிக்கட்டைத் துடைப்பது, கம்பளத்தின் மேல் மண்டியிட்டு பிரஷால் தேய்ப்பது என்று வருடம் முழுக்க அவள் உழைத்ததற்கு ஈடான தொகையை ஓர் இயந்திரம் ஒரே வருகையில் வாங்கிக்கொண்டு போனது. அந்தத் தொகையைக் கேட்கத் துணிந்தவர் ஹூபர்ட் செசில் பூத் என்ற எஞ்சினியர். கேட்டதைக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். கம்பளம் சுத்தம் செய்யும் தொழிலில் விலை என்பது எப்படி உருவாகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

அவருக்கு முன்பும் லண்டனில் கம்பளம் சுத்தம் செய்து பிழைத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் விலை பேசியது கெஜக் கணக்கில். கம்பளம் விற்கப்பட்ட விதமே அதற்குக் காரணம். பிரஸ்ஸல்ஸ், வில்டன் ரகக் கம்பளங்கள் 27 அங்குல அகலப் பட்டைகளாகத் தறியிலிருந்து இறங்கின. அறையின் அளவுக்கு ஏற்பப் பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, ஓரங்களைத் தரையோடு ஆணியடித்துவிடுவார்கள். வாங்கும்போதே வீட்டுக்காரருக்குத் தன் கம்பளம் எத்தனை கெஜம் என்று தெரியும். அதனால் பில்லைச் சரிபார்ப்பதும் சுலபம். ஆனால் இதில் ஒரு கண்ணி இருந்தது. 27 அங்குல அகலத்தில் ஒரு நீளக் கெஜம் என்பது முக்கால் சதுர கெஜம்தான். நீளத்தை அளப்பதா, பரப்பை அளப்பதா என்று முதலிலேயே பேசி முடிக்காவிட்டால், 100 கெஜக் கம்பளத்தில் 25 கெஜம் தகராறில் நிற்கும்.

கம்பளம் பணக்காரர் வீட்டை விட்டு நடுத்தர வர்க்கத்தின் கூடத்துக்கு இறங்கியது 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். அமெரிக்காவின் எராஸ்டஸ் பிகெலோ பிரஸ்ஸல்ஸ் கம்பளத்துக்கு விசைத்தறி கண்டுபிடித்தார். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரில் ஆலை நடத்திய கிராஸ்லி குடும்பம் அதன் உரிமையை வாங்கியது. நெசவு மலிந்தது, கம்பளம் பெருகியது, கூடவே தூசியும் பெருகியது. லண்டன் நிலக்கரி எரித்த நகரம். கணப்பிலிருந்து கிளம்பிய புகைக்கரியும், தெருவில் குதிரைகள் போட்டதைச் செருப்புகள் சுமந்து வந்ததும் கம்பளத்தின் இழைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

அதைத் தெருவில் வைத்துத் தட்டவும் முடியாது. 1839-ஆம் ஆண்டின் லண்டன் பெருநகரப் போலீஸ் சட்டம் பொது வீதியில் கம்பளத்தையோ பாயையோ அடிப்பதையும் உதறுவதையும் குற்றமாக்கியிருந்தது. வாசல் மிதியடிக்கு மட்டும் விலக்கு உண்டு, அதுவும் காலை 8 மணிக்கு முன்பு. அபராதம் 40 ஷில்லிங் வரை போகலாம். வாரம் 5 ஷில்லிங் வாங்கும் பெண்ணுக்கு அது எட்டு வாரச் சம்பளம். ஆக, பெரிய கம்பளமாக இருந்தால் ஊருக்கு வெளியே திறந்த வெளிக்குக் கொண்டுபோக வேண்டும். பிற்காலத்தில் நீராவி எஞ்சினால் அடிக்கும் பட்டறைகளுக்கு அனுப்ப வேண்டும்.

இந்த வேலையின் உண்மையான செலவு அடிப்பதில் இல்லை. நாற்காலி மேசைகளை வெளியேற்ற வேண்டும். ஆணிகளைப் பிடுங்க வேண்டும். கம்பளத்தைச் சுருட்டித் தூக்க நாலு ஆள் வேண்டும். போக வர வண்டிச் சத்தம். திரும்பி வந்ததும் பழைய இடத்திலேயே இழுத்துப் பிடித்து மறுபடி ஆணியடிக்க வேண்டும். இவ்வளவும் முடியும் வரை வீட்டில் மனிதர் உட்கார இடம் இருக்காது. அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறை, வசந்த காலத்தில், பொங்கலுக்கு முன் நம்மவர்கள் வீட்டை ஒழித்துப்போட்டு வெள்ளையடிப்பது போல, எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தார்கள். கெஜத்துக்கு இவ்வளவு என்று எழுதிய பில்லில் இந்த அலைச்சலுக்குத் தனி வரி கிடையாது. அதை வீட்டு வேலைக்காரர்கள் தங்கள் முதுகில் சுமந்தார்கள்.

மற்ற நாட்களில் துடைப்பமும் தேயிலையும். 1861-இல் வெளிவந்த திருமதி பீட்டனின் குடும்ப நிர்வாக நூல், ஊறிய தேயிலைச் சக்கையைக் கம்பளத்தின் மேல் தூவிப் பெருக்கச் சொல்கிறது; ஈரச் சக்கையில் தூசி ஒட்டிக்கொள்ளும், பறக்காது. அந்த நூல் வந்த காலத்தில் பிரிட்டன் குடித்தது பெரும்பாலும் சீனத் தேயிலை. நூற்றாண்டின் முடிவில் இந்தியாவும் இலங்கையும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. மலையகத்துத் தமிழ்ப் பெண்கள் கிள்ளிய கொழுந்தின் சக்கை, லண்டன் வீடுகளில் இன்னொரு ஏழைப் பெண்ணின் கையால் தரையில் தூவப்பட்டது. இரண்டு கூலிகளும் எவ்வளவு குறைவாக இருந்தன என்பதை நினைத்தால், சுத்தம் அந்தக் காலத்தில் ஏன் மலிவாகத் தெரிந்தது என்பது புரியும்.

பூத் 1871-இல் குளோஸ்டர் நகரில் பிறந்தவர். பாலங்கள் வடிவமைத்தவர், பிளாக்பூல், வியன்னா, பாரிஸ் நகரங்களின் ராட்சத ராட்டினங்களில் வேலை செய்தவர். வியன்னாவின் ராட்டினம் இன்றும் சுற்றுகிறது. 1901-இல் லண்டன் எம்பயர் மியூசிக் ஹாலில் அமெரிக்கர் ஒருவர் காட்டிய இயந்திரத்தைப் பார்க்கப் போனார். அது அழுத்திய காற்றைக் கம்பளத்துக்குள் ஊதித் தூசியைக் கிளப்பியது. கிளம்பியதில் கொஞ்சம் பெட்டிக்குள் போனது, மிச்சம் பழையபடி கம்பளத்திலேயே படிந்தது. ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று பூத் கேட்டார். அது நடக்காத காரியம் என்று பதில் வந்தது.

சில நாள் கழித்து விக்டோரியா தெருவின் உணவகம் ஒன்றில், நண்பர்களோடு உட்கார்ந்திருந்த பூத், நாற்காலியின் பட்டு முதுகில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். தூசி தொண்டையை அடைத்து மூச்சு முட்டியது. பிறகு துணியை நடுவில் வைத்து உறிஞ்சினால், துணியின் மறுபக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. காற்று துணியைத் தாண்டும், தூசி தாண்டாது. இதுதான் கண்டுபிடிப்பின் முழு ரகசியம். 1901 ஆகஸ்ட் 30-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இந்தக் கதையை 1935 வாக்கில் தொழில்நுட்ப வரலாற்றாளர்களின் நியூகோமன் சங்கத்தில் அவரே விவரித்திருக்கிறார்.

அடுத்து வந்தது விலைக் கேள்வி. பெரும்பாலான வீடுகளில் அப்போது மின்சாரம் இல்லை. ஆகவே உறிஞ்சும் சக்தியை இயந்திரமே சுமந்து வர வேண்டும். 5 குதிரைசக்தி எஞ்சின், பம்பு, வடிகட்டி, 800 அடி வரை நீளும் குழாய், இழுக்கக் குதிரை, இயக்க ஆட்கள். வண்டி ஒரு வீட்டு வாசலுக்கு வந்து நின்றாலே செலவு முக்கால்வாசி முடிந்துவிட்டது. உள்ளே 10 கெஜம் சுத்தம் செய்தாலும் 300 கெஜம் செய்தாலும் குதிரை தின்பது ஒன்றுதான். கெஜத்துக்கு இவ்வளவு என்று பட்டறைக்காரர்களோடு போட்டி போட்டால் கட்டுபடியாகாது. வருகைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசியதன் கணக்கு இதிலிருந்துதான் புரிகிறது. இருபது அறைகள் உள்ள மாளிகை என்று வைத்துக்கொண்டால், 13 பவுண்டு என்பது அறைக்கு 13 ஷில்லிங். அப்படிப் பிரித்துப் பார்த்தால் அது பயமுறுத்தும் தொகையாக இல்லை. ஆணி பிடுங்க வேண்டாம், தூக்க வேண்டாம், ஆணியடிக்க வேண்டாம், வீடு இரண்டு வாரம் அலங்கோலமாகக் கிடக்க வேண்டாம். சீமாட்டிகள் காசு கொடுத்தது இதற்குத்தான்.

அவர் தேர்ந்தெடுத்த அளவுகோல் அவருடைய வாடிக்கையாளர்களையும் தேர்ந்தெடுத்துவிட்டது. இரண்டு அறை வீட்டுக்காரர் 13 பவுண்டைக் கனவிலும் கொடுக்க மாட்டார். பெரிய வீடு, பெரிய கடை, ஹோட்டல், நாடக அரங்கு, அரசாங்கக் கட்டடம், இவ்வளவுதான் சந்தை. அந்தச் சந்தைக்குள் நுழையப் பேர் வேண்டும். பேர் வந்தது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலிருந்து.

1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக அபேயில் அரியணைகளின் கீழ் விரித்த பெரிய கம்பளம் தூசியாகிக் கிடந்தது. எடுத்து அடித்துத் திரும்ப விரிக்க நேரம் இல்லை. பூத்தின் ஆட்கள் குழாய்களோடு போய் விரித்த இடத்திலேயே சுத்தம் செய்தார்கள். விஷயம் அரசர் காதுக்குப் போக, பக்கிங்ஹாம் அரண்மனையில் அரசரும் அரசியும் பார்க்கச் செய்முறை விளக்கம் நடந்தது. அதன் பின் பக்கிங்ஹாமுக்கு ஒன்று, வின்ட்ஸர் கோட்டைக்கு ஒன்று என இரண்டு இயந்திரங்கள் வாங்கப்பட்டன. அரண்மனையே வாங்கிய சேவைக்குப் பேரம் பேச எந்தப் பிரபு முன்வருவார்?

அவர் செய்த இன்னொரு காரியம் வியாபாரிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. குழாயில் ஒரு பகுதியைக் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும்படி அமைத்தார். உள்ளே கறுப்பாகத் தூசி ஓடுவதை வீட்டுக்காரரே பார்க்கலாம். சுத்தம் என்பது கண்ணுக்குத் தெரியாத சரக்கு. வேலை முடிந்த பின் கம்பளம் பழைய கம்பளமாகத்தான் இருக்கும், கொஞ்சம் நிறம் தெளிந்திருக்கும், அவ்வளவே. அதற்கு 260 ஷில்லிங் கொடுத்தவருக்கு எதையாவது காட்ட வேண்டும். சீமாட்டிகள் தோழியரைத் தேநீருக்கு அழைத்து, நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, சீருடை ஆட்கள் தூசி இழுப்பதை வேடிக்கை பார்த்தார்கள். கட்டணத்தில் ஒரு பங்கு இந்தக் காட்சிக்கான டிக்கெட் என்றே சொல்லலாம்.

தெருவில் வேறு தொல்லைகள். எஞ்சின் சத்தத்தில் வாடகை வண்டிக் குதிரைகள் மிரண்டன, வழக்குகள் வந்தன. அரசு நாணயச் சாலையைச் சுத்தம் செய்துவிட்டுக் கிளம்பிய வண்டியைப் போலீஸ் மறித்ததாக ஒரு கதையும் சொல்வார்கள். பையில் இருந்த தூசியோடு வெள்ளித் துகளும் கலந்திருந்ததாம்.

அட்லாண்டிக்கின் அக்கரையில், செயின்ட் லூயிஸ் நகரில், இதே தொழில் வேறு விலையில் நடந்தது. ஜான் தர்மன் என்பவர் 1899-இல் காற்றழுத்தக் கம்பளச் சுத்திகரிப்பான் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவும் குதிரை வண்டியில் வீடு வீடாகப் போனதுதான். காற்றை ஊதித் தூசியை ஒரு தொட்டிக்குள் தள்ளும் முறை. அவர் கேட்டது வருகைக்கு 4 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு பவுண்டு 4.86 டாலர். பூத்தின் 13 பவுண்டு 63 டாலருக்குச் சமம். தர்மனின் 4 டாலர் ஏறக்குறைய பதினாறரை ஷில்லிங். பூத்தை ஒருமுறை கூப்பிடும் காசில் தர்மனைப் பதினைந்து தடவை கூப்பிடலாம். மாளிகையும் சாதாரண வீடும் ஒன்றல்ல, லண்டனும் செயின்ட் லூயிஸும் ஒன்றல்ல. ஆனாலும் இயந்திரம், குதிரை, ஆள் என்று இருவருடைய செலவு இனங்களும் ஒரே மாதிரி. வித்தியாசம் யாருடைய வாசலில் வண்டியை நிறுத்துவது என்ற முடிவில் இருந்தது. பூத்தின் விலை பேராசை என்று சிலர் நினைக்கலாம். அந்த நாளைய லண்டனில், அந்தச் செலவில், வேறு விலையில் அவரால் ஆறு மாதம் தாங்கியிருக்க முடியுமா என்பது சந்தேகமே.

உயர்ந்த விலை போட்டியாளரை இழுக்கும். 1907-இல் பூத்தின் பிரிட்டிஷ் வாக்குவம் கிளீனர் கம்பெனி, நியூ வாக்குவம் கிளீனர் கம்பெனி என்ற பெயரில் கிளம்பிய போட்டி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. பொருளை விவரிக்கும் சொற்கள் அவை, யாரும் தனக்கு மட்டும் சொந்தம் என்று கோர முடியாது என்று நீதிபதி பார்க்கர் தள்ளிவிட்டார். வணிகப் பெயர் வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது. காப்புரிமை இருந்தும் பெயரைப் பூட்டி வைக்க முடியவில்லை.

ஆனால் அடி விழுந்தது பக்கத்துக் கம்பெனியிடமிருந்து இல்லை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கான்டன் என்ற ஊரில், ஒரு துணிக்கடையில் துப்புரவுப் பணியாளராக இருந்தார் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர். ஆஸ்துமாக்காரர். கம்பளம் பெருக்கும்போது கிளம்பும் தூசி அவர் உயிரை வாங்கியது. ஒரு சிறு மின்விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்துக் கையால் தள்ளும் இயந்திரம் செய்தார். 1908 ஜூன் 2-இல் காப்புரிமை கிடைத்தது. உரிமையை வாங்கியவர் வில்லியம் ஹூவர். குதிரைச் சேணமும் தோல் சாமானும் செய்துகொண்டிருந்தவர், மோட்டார் கார் வந்ததும் தன் சரக்குக்கு எதிர்காலம் இல்லை என்று கண்டுகொண்டவர்.

ஹூவரின் முதல் இயந்திரம் சுமார் 60 டாலர் விலையில் வந்தது. பூத்தின் ஒரே ஒரு வருகைக்கு ஆன செலவும் கிட்டத்தட்ட அதே தொகை. ஆறே ஆண்டுகளில், ஒருமுறை வந்து போகும் சேவையின் விலைக்கு இயந்திரமே வீட்டோடு வந்துவிட்டது. மின்சாரம் வீட்டுச் சுவருக்கு வந்ததால் எஞ்சினும் குதிரையும் ஆட்களும் தேவைப்படவில்லை; விலையில் முக்கால்வாசியாக இருந்த பாரம் கழன்று விழுந்தது. 60 டாலரும் அன்று சின்னத் தொகை இல்லை. அதனால் 1908 டிசம்பரில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் விளம்பரம் செய்து, பத்து நாள் வீட்டில் இலவசமாக வைத்துப் பார்க்கச் சொன்னார் ஹூவர். கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு நேராக அனுப்பாமல், அந்தந்த ஊர்க் கடைக்காரர் வழியாக அனுப்பினார். விற்றால் கடைக்காரருக்குக் கமிஷன். அப்படி ஊருக்கு ஊர் விற்பனையாளர் வலை உருவானது.

பூத்தின் கம்பெனி அழிந்துவிடவில்லை. கட்டடத்தின் அடித்தளத்தில் பம்பை நிலையாகப் பொருத்தி, சுவருக்குள் குழாய் ஓடவிடும் பெரிய அமைப்புகளில் அது கவனம் வைத்தது. முதல் உலகப் போரின்போது லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கடற்படை வீரர்களின் முகாமாக இருந்தது. அங்கே மூளைக்காய்ச்சல் பரவியபோது பூத்தின் 15 இயந்திரங்கள் அனுப்பப்பட்டு, தரையிலிருந்தும் உத்தரங்களிலிருந்தும் 26 டன் தூசியை எடுத்தன. இதற்கெல்லாம் கெஜக் கணக்கு எங்கே போதும்? போர் முடிந்தபோது பழைய சம்பளத்துக்கு மாளிகை வேலைக்கு வரப் பெண்கள் தயாராக இல்லை. ஆலையிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்கள் கணப்புச் சாம்பல் அள்ளத் திரும்பவில்லை. வாரம் 5 ஷில்லிங் என்ற அந்த மலிவான அளவுகோல் போனதும்தான், இயந்திரம் எல்லா நடுத்தரக் குடும்பங்களுக்கும் நியாயமான விலையாகத் தெரிந்தது. பூத் 1955 வரை இருந்து இந்த மாற்றம் முழுவதையும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து சுத்தம் செய்யும் தொழிலுக்கு மறுபிறவி கொடுத்தது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டால்டன் நகரம். அங்கே கேத்தரின் எவான்ஸ் என்ற பெண் கையால் குஞ்சம் வைத்துச் செய்த படுக்கை விரிப்பை 1900-இல் இரண்டரை டாலருக்கு விற்றார். அந்தக் குஞ்சத் தையல் வீட்டுத் தொழிலாகப் பரவி, இயந்திரத்துக்கு மாறி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அகலக் கம்பளம் செய்யும் ஆலைகளாக வளர்ந்தது. சுவருக்குச் சுவர் விரித்து ஒட்டிய மலிவான கம்பளம் சாதாரண அமெரிக்க வீட்டுக்குள் வந்தது. அதை உருவி எடுத்து அடிக்க முடியாது. உறிஞ்சும் இயந்திரம் மேல் தூசியை எடுக்கும், உள்ளே ஊறிய அழுக்கையும் கறையையும் எடுக்காது. நீரும் சோப்பும் கொண்டு வீட்டிலேயே சலவை செய்பவர்களுக்கு வேலை குவிந்தது. 1947-இல் ஜாக் பேட்ஸ் தொடங்கிய ஸ்டான்லி ஸ்டீமர் போன்ற குடும்ப நிறுவனங்கள் பின்னாளில் நாடு முழுக்கக் கிளை பரப்பின.

இந்தத் தலைமுறை கெஜத்தையும் விட்டது, வருகையையும் விட்டது. அறைக்கு இவ்வளவு என்று விளம்பரம் செய்யத் தொடங்கியது. கேட்பவருக்கு அது எளிது. நாடாவை எடுத்து அளக்க வேண்டாம்; தன் வீட்டில் எத்தனை அறை என்பது யாருக்கும் தெரியும். சிக்கல் தொழில் செய்பவருக்கு. ஒருவர் வீட்டு அறை 100 சதுர அடி, இன்னொருவருடையது 400. கூடமும் சாப்பாட்டு இடமும் சுவரில்லாமல் சேர்ந்திருந்தால் அது ஓர் அறையா, இரண்டா? படிக்கட்டை எதில் சேர்ப்பது? இதற்காக இத்தனை சதுர அடிக்கு மேல் போனால் இரண்டு அறை, படிக்குத் தனி ரேட், வண்டி வாசலுக்கு வர இவ்வளவாவது கொடுக்க வேண்டும் என்ற குறைந்தபட்சத் தொகை என்று நிபந்தனைகள் சேர்ந்தன. அந்தக் குறைந்தபட்சத் தொகை, பூத்தின் வருகைக் கட்டணம் சின்ன உருவில் திரும்பி வந்ததுதான்.

அறை விலைக்குள் ஏமாற்றும் புகுந்தது. பத்திரிகையில் நம்ப முடியாத ரேட்டைப் போட்டு வீட்டுக்குள் நுழைவது, பிறகு அந்த ரேட்டுக்கு மேலோட்டமாகத்தான் செய்வோம், கறைக்குத் தனி, வாடைக்குத் தனி, நாற்காலி நகர்த்தத் தனி என்று ஏற்றுவது. இது கம்பளத் தொழிலில் மட்டும் நடந்ததில்லை. தையல் இயந்திரத்திலிருந்து எல்லா வீட்டு விற்பனையிலும் பரவியிருந்த வியாதி. 1959-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் தூண்டில் விளம்பரத்துக்கு எதிரான வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. விற்கும் எண்ணமே இல்லாமல் ஒரு விலையை அறிவிப்பது, அறிவித்த சரக்கையே வாடிக்கையாளரிடம் மட்டம்தட்டிப் பேசுவது எல்லாம் அதில் தடுக்கப்பட்டன. பொய்யான விலையைச் சொல்லி முதல் சந்திப்பைப் பெற்றிருந்தால், பின்னால் உண்மையை விளக்கிவிட்டாலும் சட்டமீறல்தான் என்கிறது அந்த விதி. இன்று அங்கே இந்தத் தொழிலில் நேர்மையாக இறங்குபவர்கள் அறைக்கு எத்தனை சதுர அடி வரை, படிக்கட்டு உண்டா இல்லையா, குறைந்தபட்சம் எவ்வளவு என்பதை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடுகிறார்கள்.